ஜன்னலுக்குக் கேட்காத பெயர்

இளைய வக்கீல்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். அதற்காக உங்கள் அறைக்கு வந்தபோது மேஜைமேல் கிடந்த தடித்த புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு தேசத்தில் பஸ்ஸில் யார் எந்த இடத்தில் உட்காரலாம் என்று வழக்கு. இன்னொரு தேசத்தில் பூங்கா பெஞ்சு. வேறொன்றில் பள்ளிக்கூடம். உலகம் முழுக்க மனுஷன் உட்காருகிற இடத்துக்காகத்தான் அதிகம் சண்டை போட்டிருக்கிறான் போலிருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றும் ஒரு விதி ஒருவனை மட்டும் அடித்தால் அதுவும் பாரபட்சம்தான் என்று வெளிநாட்டுத் தீர்ப்பு ஒன்றை உங்களில் ஒருவர் மிகுந்த உற்சாகத்தோடு எனக்கு விளக்கினார். நானும் முதல் தடவையாகக் கேட்பவன் மாதிரித் தலையாட்டினேன். இளைஞர்களின் உற்சாகத்தைக் கெடுக்கக் கூடாது. ஆனால் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்த ஒரு காப்பி கிளப்.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் வக்கீலாகி அதைவிடக் கொஞ்ச காலம். தாழ்த்தப்பட்டவர்களைப் பொது இடங்களில் தடுத்தால் குற்றம் என்று மாகாணத்தில் ஒரு சட்டம் ஏற்கனவே இருந்தது. முதலில் குளம், கிணறு, ரோடு என்று இருந்ததில் பிறகு காப்பிக் கடையையும் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் வழக்கு வந்தால் எங்கள் ஊர்ப் பெரிய வக்கீல்களுக்கெல்லாம் உடனே தலைவலி வந்துவிடும். "இது சின்னப் பிள்ளைங்க நடத்த வேண்டிய கேஸ்" என்று கேஸ் கட்டைத் தள்ளிவிடுவார்கள். கெடுவதற்குப் பேர் இல்லாதவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் சுடலைமுத்து என்னிடம் வந்து சேர்ந்தார்.

சுடலைமுத்து டாலி கிளார்க். அதாவது கப்பலுக்கு ஏறும் மூட்டைகளையும் இறங்கும் மூட்டைகளையும் எண்ணிக் குறிப்பவர். அன்று கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்தில் கடலிலேயே நிற்கும், தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோகும். யுத்த காலத்தில் பட்டாளத்து ஸ்டோரில் வேலை பார்த்ததில் சுடலைமுத்துவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், வெள்ளைக்காரச் சார்ஜெண்டுகளின் வசவுகள் உள்பட. கப்பல் அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கும். அப்படியும் அவருக்கு வாரக்கணக்கில் வேலை இல்லை.

காரணம் சொல்கிறேன். அந்தத் துறைமுகத்தில் வேலை பிரிப்பது ஆபீசில் அல்ல, காப்பி கிளப்பில். காலையில் தோணி முதலாளிகள், கப்பல் ஏஜெண்டுகள், கிளார்க்குகள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். வேலை பிரிக்கிற மேஸ்திரி நடு மேசையில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்தக் கப்பலுக்கு எந்தத் தோணி, எந்தக் கிளார்க் என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். மூன்று தரம் கூப்பிடுவார். அதற்குள் குரல் கொடுக்காதவனுக்கு அன்று வேலை இல்லை. ஏஜெண்டின் மச்சினனாக இருந்தாலும் இதே விதி.

சுடலைமுத்து உள்ளே உட்கார முடியாது. அவர் சாதிக்காரர்களுக்குப் பக்கவாட்டுச் சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. காப்பி அதன் வழியாக வரும். சந்தில் மாட்டு வண்டிகள் போகும், உள்ளே தம்ளர்கள் மோதும், மாவாட்டும் கல் ஓடும். மேஸ்திரி அவர் பெயரை ஒழுங்காகத்தான் கூப்பிட்டார். ஜன்னலுக்கு அது கேட்கவில்லை.

"வீட்டுல அடுப்பு எரியல, வக்கீலய்யா," என்றார் சுடலைமுத்து. "பொண்டாட்டி உப்பளத்துக்குப் போறா. அவ கால் ரெண்டும் வெந்து கெடக்கு. எனக்கு எம்பேரு காதுல விழணும். அவ்வளவுதான்."

வழக்குக்கு முன்னால் சமாதானமாகப் பேசிப் பார்ப்போம் என்று ஒவ்வொருவரிடமும் போனேன். பாரபட்சம் செய்கிறவனைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு போனேன் என்றும் சொல்ல வேண்டும். அந்த வயதில் அப்படி ஒருவன் இருப்பான் என்றுதான் தோன்றும்.

கிளப் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். என்னை உட்காரவைத்து உபசரித்தார். "நானா வேண்டாங்கேன்? அவரு உள்ள வந்தா மத்தவங்க எந்திரிச்சுப் போயிருவாவ. நான் கடையப் பூட்டிட்டு எங்கன போவேன்? காப்பியில நான் பேதம் பாக்கது கிடையாது. ஒரே பால், ஒரே டிக்காசன். அந்தச் சன்னல்ல கடக்காத்து வேற வரும். உள்ள ஒரே புழுக்கம்லா." கடல்காற்றை வேண்டியவர்களுக்கென்றே தனியாக ஒதுக்கி வைத்திருப்பவர்போலப் பேசினார்.

மேஸ்திரியின் காதில் இரண்டு முத்துக் கடுக்கன். குரல் மட்டும் வெங்கலம். "நான் பேரைக் கூப்பிடலைன்னு அவன் சொன்னானா? கூப்பிடுதேன். மூணு தரம் கூப்பிடுதேன். காது கேக்காட்டா நான் என்ன செய்யதுக்கு?"

காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; அப்படி ஊரே காக்கா என்று கூப்பிட்ட ஒருவருக்குச் சொந்தமாகத் தோணிகள் இருந்தன. நல்ல மனுஷர். "எங்க மார்க்கத்துல இந்தப் பேதமெல்லாம் கிடையாது, வக்கீல் தம்பி. ஆனா கடை அவருது. அடுத்தவரு கடையில நாம சட்டம் பேச முடியுமா?" என்றார். பக்கத்தில் இருந்த புன்னைக்காயல் தோணி முதலாளியும் நெஞ்சில் தொங்கிய சிலுவையைத் தொட்டு, "ஆண்டவருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான்" என்றார். ஆண்டவருக்கு முன்னால் வேலை பிரித்தால் என் கட்சிக்காரருக்குக் கஷ்டமே இல்லை.

ஆக, ஊரில் யாருமே தீண்டாமை பார்க்கவில்லை. விசாரித்துவிட்டேன். எல்லோர் கையும் கழுவிய கை. பட்டினி மட்டும் சுடலைமுத்து வீட்டில் இருந்தது. நீங்களும் இதைச் சந்திப்பீர்கள். கோபத்தோடு கதவைத் தட்டுவீர்கள். திறக்கிறவர் சிரித்த முகத்தோடு காப்பி கொடுப்பார். அந்தக் காப்பியைக் குடியுங்கள், ஆனால் கோபத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

வேலை பிரிக்கிற விஷயத்தில் அன்று என் கையில் சட்டம் எதுவும் இல்லை. மேஸ்திரி யாரைக் கூப்பிட்டாலும், கூப்பிடாவிட்டாலும் அது அவர் இஷ்டம். காப்பிக் கடைக்குத்தான் சட்டம் இருந்தது. எனவே காப்பியைப் பிடித்தேன். மற்றவர்களைப் போல உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்கும் வசதி மறுக்கப்பட்டது என்று அண்ணாச்சிமேல் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தோம்.

அண்ணாச்சிக்கு ஊரில் பெரிய வக்கீல் ஒருவர் ஆஜரானார். தலைவலி குணமாகிவிட்டது போலிருக்கிறது. அவருடைய வாதம் ஒழுங்கான வாதம். காப்பி மறுக்கப்படவில்லை, ஜன்னலும் கடையின் பகுதிதான், வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது கவனமில்லாமல் இருந்துவிட்டு அந்தக் கோபத்தைப் புகார்தாரர் காப்பிக் கடைமேல் காட்டுகிறார். இதற்குச் சாட்சியாக மேஸ்திரியையே கூண்டில் ஏற்றினார். மேஸ்திரி வெள்ளை வேட்டியில் வந்து, தன் வெங்கலக் குரலில், தினமும் மூன்று தரம் கூப்பிட்டதாகச் சத்தியம் செய்தார்.

நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன். மேஸ்திரி பொய் சொல்கிறார், பெயரைக் கூப்பிடவே இல்லை என்று நிரூபிக்கக் கேள்விகள் தயார் செய்து மனப்பாடமாக வைத்திருந்தேன். முதல் கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் வக்கீல் எழுந்ததும் கொஞ்சம் விறைப்பான். இவர் கூண்டில் சாய்ந்து, தன் வீட்டுத் தூணில் சாய்ந்தவர்போல நின்றார். இந்த ஆள் உண்மை சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. தயார் செய்ததெல்லாம் வீண். மாஜிஸ்திரேட் பேனாவை மூடிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய வக்கீல் தன் ஜூனியரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கட்சிக்காரரின் மனைவி கடைசி வரிசையில் புடவைத் தலைப்பால் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

உண்மை சொல்கிறவனோடு மல்லுக்கட்டுவதில் லாபமில்லை என்று எப்படியோ தோன்றியது. அவன் உண்மையையே கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே.

"மூன்று தரம் கூப்பிட்டீர்கள். நான் நம்புகிறேன்," என்றேன். பெரிய வக்கீலின் சிரிப்பு நின்றது. "எங்கே இருந்து கூப்பிட்டீர்கள்?"

"கிளப்புல, நடு மேசையில இருந்துதான்."

"உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்குமா?"

"கேக்காம? தூங்குதவனுக்கும் கேக்கும்." அவருக்குத் தன் குரலில் பெருமை உண்டு.

"புகார்தாரர் எங்கே நின்றார்?"

"சன்னல்ல."

"ஜன்னலுக்குக் கேட்குமா?"

மேஸ்திரி என்னை இரக்கத்தோடு பார்த்தார். படித்தவன் இப்படி அசட்டுக் கேள்வி கேட்கிறானே என்ற இரக்கம்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அங்கன நின்னதே இல்லியே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பேனாவை மறுபடி திறந்து, அந்தப் பதிலை மேஸ்திரி சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசை வரும்போதுதான் வக்கீல் உட்கார வேண்டும்.

உள்ளும் ஜன்னலும் ஒன்றல்ல என்று எதிர்த்தரப்புச் சாட்சியே சொல்லியாகிவிட்டது. அண்ணாச்சிக்கு அபராதம் விழுந்தது. சின்ன அபராதம்தான், ஒரு நாள் காப்பி வியாபாரத்துக்குக்கூடக் காணாது. பார் அசோசியேஷனில் அதுவரை என்னைப் பார்க்காதவர்கள் கைகுலுக்கினார்கள். சமத்துவத்தை நிலைநாட்டிவிட்டேன் என்று அன்று தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

மறுநாள் காலை அண்ணாச்சி பெஞ்சைத் தன் தோள் துண்டாலேயே துடைத்து, "வாங்க, இருங்க" என்று சுடலைமுத்துவை நடு மேசையில் உட்காரவைத்தார். சட்டத்துக்கு அடங்கிய மனுஷர். சுடலைமுத்து உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். கிளப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. மேஸ்திரி பெயர் கூப்பிடுவதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று இரண்டு நாள் புத்தகம் பார்த்தேன். இல்லை. என் கட்சிக்காரருக்கு உள்ளே உட்கார உரிமை உண்டு, மற்றவர்கள் உள்ளே வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சுடலைமுத்து என்னைக் குறை சொல்லவில்லை. "உங்கள ஒண்ணும் சொல்லல, ஐயா. பெஞ்சு கெடச்சிட்டு. வேலதான் எந்திரிச்சுப் போயிட்டு" என்றார். குறை சொல்லியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். ஆனாலும் அவர் தினமும் காலையில் கிளப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

என்னிடம் ஓடி வந்தது அண்ணாச்சிதான். "கேஸு உங்களுக்கு, அபராதம் எனக்கு, சரி. இப்பம் கடையில நானும் அவருந்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம். பால்காரனுக்கு நான் என்ன சொல்ல?" என்றார். வேறென்ன செய்வது, சட்டத்தின் மாட்சிமையைப் பற்றி அவரிடம் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன்.

ஆனால் அந்தப் பக்கமும் காரியம் சுகமாக இல்லை. முதலில் காக்காவின் சரக்குக் கிட்டங்கியில் கூடினார்கள். மேஸ்திரியும் அவர் ஆட்களும் அங்கே வந்து உட்காருவார்கள், பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். காக்கா வீட்டிலிருந்து வந்த பலகாரம் அப்படியே திரும்பிப் போயிற்று. காலையில் காப்பி குடிக்காத மனுஷர்கள் கூடி வேலை பிரித்தால் எப்படி இருக்கும்? ஆளுக்கு ஆள் எரிந்து விழுந்தார்கள். காக்காவுக்கும் மனசு விட்டுப்போயிற்று.

பிறகு புன்னைக்காயல்காரர் மாதா கோயில் பள்ளிக்கூடத்து வராந்தாவைக் கேட்டு வாங்கினார். பாதிரிச் சாமியார் சந்தோஷமாகச் சம்மதித்து, "அந்தச் சுடலைமுத்துவையும் வரச் சொல்லுங்க" என்றார். அதோடு அந்த இடம் வேண்டாமென்று ஆகிவிட்டது. கடைசியில் மேஸ்திரி தன் தெருக் கோயில் மண்டபத்தைப் பிடித்தார். காப்பிக்கு வழி செய்தாயிற்று, நிழல் இருக்கிறது, எல்லாம் சௌகரியம். மேஸ்திரி உள்ளே உட்கார்ந்தார். காக்காவும் புன்னைக்காயல்காரரும் வாசல் படிக்கு வெளியே நின்றுகொண்டார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. அது அவர்களுக்கே தெரியும்.

அன்று கோயிலில் ஏதோ விசேஷம். மேளக்காரர்கள் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி காக்காவின் தோணியை மூன்று தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. விதி விதிதான். பெரிய கப்பல் ஒன்றின் சரக்கு அடுத்த தோணிக்காரருக்குப் போயிற்று.

காக்கா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். அவர் அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

"வக்கீல் தம்பி, மேஸ்திரி மேல ஒரு கேஸ் போடணும்."

"ஏன் காக்கா, அவர் கூப்பிடவில்லையா?"

"கூப்பிட்டாராம். மூணு தரம் கூப்பிட்டாராம். வெளிய நிக்கவனுக்குக் கேக்க வேண்டாமா? எந்தோணி சும்மா கெடக்கு."

அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நல்ல மனுஷர் என்று முன்னமே சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்குச் சட்டம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு இல்லை, காக்கா. நீங்கள் வெளியே நிற்பீர்கள் என்று யாரும் நினைக்கவில்லை."

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். எழுந்திருக்கும்போது, "பழைய கிளப்புக்கே போவோம். அங்கனதான் நாங்க எல்லாரும் உக்காரலாம்" என்றார்.

அதுதான் விஷயம். ஒருவன் சாப்பிடும் இடத்தில் இன்னொருவன் சாப்பிடமாட்டான், ஒருவன் கும்பிடும் இடத்தில் இன்னொருவன் நுழையமாட்டான். இவ்வளவு பேரும் ஒரு கூரைக்குக் கீழ் மானம் போகாமல் உட்கார அந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அங்கே நடு மேசையில் சுடலைமுத்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தார்கள். அவர்கள் மனம் மாறியதா என்று கேட்காதீர்கள். நான் விசாரிக்கவில்லை. உங்கள் புத்தகங்களில் மனமாற்றத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் சட்டத்தால் ஒரு மனுஷனுக்குப் பெஞ்சுதான் வாங்கித் தர முடியும். மிச்சத்தைப் பக்கத்து பெஞ்சுக்காரனின் அவசரம் பார்த்துக்கொள்கிறது. மேஸ்திரிக்குத் தோணி முதலாளிகள் வேண்டும், முதலாளிகளுக்குச் சரக்கு வேண்டும், எல்லோருக்கும் காப்பி வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்துச் சுடலைமுத்து என்னைக் கிளப்புக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி உப்பளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாளாம். அந்தச் செய்தியைக் கேட்டபோது வந்த சந்தோஷம் தீர்ப்பு நாளன்றுகூட எனக்கு வரவில்லை. கூட்டம் நிரம்பி வழிந்தது. அண்ணாச்சி தன் கையாலேயே இரண்டு காப்பி கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேசையில் இருந்த வெளியூர்க்காரரிடம், "நம்ம கடையில பேதமே கிடையாது. அதுக்காவ கோர்ட்டு வரைக்கும் போயிருக்கேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் காதில் விழுந்தது.

நான் என் காப்பியைக் குடித்தேன். சுடலைமுத்து முன்னால் இருந்த தம்ளர் அப்படியே இருந்தது. ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது.

"ஏன், குடிக்கவில்லையா?"

"நான் காப்பி குடிக்கது இல்ல, ஐயா."

"இன்றைக்கா?"

"எப்பவுமே. வயித்துக்குச் சேராது. சன்னல்ல வாங்குததையும் வண்டிக்காரன் எவனுக்காவது குடுத்துருவேன்."

காப்பி குடிக்கும் உரிமை மறுக்கப்பட்டது என்று நான் வழக்கு நடத்தியிருக்கிறேன். பெரிய வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

"கோர்ட்டில் யாராவது இதைக் கேட்டிருந்தால்?"

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல முடியுமா? உள்ளதச் சொல்லியிருப்பேன். எல்லாரும் காப்பியப் பத்திக் கேட்டீய. எனக்கு அது வேணுமான்னு யாரும் கேக்கலியே."

நடு மேசையிலிருந்து மேஸ்திரியின் குரல் எழுந்தது. முதல் தரத்திலேயே சுடலைமுத்து எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து தோணித் துறைக்கு நடந்தார். நான் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்துவின் தம்ளரை என் பக்கம் இழுத்து, அதையும் நானே குடித்தேன்.